அந்தக் கதிரைக்கு ஆணி அடிக்காதீங்க

ஒரு கதிரை ஆடத் தொடங்கினால் எங்கட வீடுகளில் மூன்றில் ஒன்றுதான் நடக்கும். ஆராவது ஒருத்தர் சுத்தியலும் ஆணியும் எடுத்துக்கொண்டு வருவார். இல்லாட்டி முடக்குக் கடைக்கு ஓடிப்போய் சுப்பர் குளூ ஒரு குட்டி டியூப் வாங்கி வந்து இடுக்குக்குள்ள பீச்சுவார்கள். ரெண்டும் சரிவராவிட்டால் கதிரை பின்வளவுக்குப் போகும், அதுக்கு மேல தேங்காய்மட்டை காயும்.

இதில் மூன்றாவதுதான் கொஞ்சமாவது பரவாயில்லை என்பது என் கட்சி. பின்வளவில் கிடக்கிற கதிரையை ஆறு மாதம் கழித்தும் எடுத்துத் திருத்தலாம். ஆணி அடித்த கதிரையைத் திருத்துவது அதைவிடப் பெரிய வேலை. உடைந்ததால் செத்த கதிரைகளைவிட, திருத்துகிறோம் என்று செய்த வேலையால் செத்த கதிரைகள்தான் திருகோணமலையில் அதிகமாக இருக்கும் போல. இது கணக்கெடுத்துச் சொன்னதில்லை. பழைய தளபாடம் கிடக்கிற வீடுகளுக்குப் போகும்போதெல்லாம் குனிந்து காலைப் பார்க்கிற பழக்கம் எனக்கு வந்துவிட்டது, அதில் பட்டது.

முதலில், கதிரை ஏன் ஆடுது? பெரும்பாலும் மரம் உடைந்து இல்லை. பின்காலில் ஒரு துளை இருக்கும், பக்கச் சட்டத்தின் நுனியில் ஒரு நாக்கு இருக்கும். நாக்கு துளைக்குள் போய், இடையில் பசை பிடித்துக்கொண்டிருக்கும். மரம் ஈரத்தைக் குடித்தால் வீங்கும், காய்ந்தால் சுருங்கும். ஆனால் எல்லாப் பக்கமும் ஒரே மாதிரி இல்லை. நார் ஓடுகிற நீளப்பக்கம் கிட்டத்தட்ட அசையாது, குறுக்குப் பக்கம்தான் வீங்கிச் சுருங்கும். கதிரைப் பொருத்தில் ஒரு மரத்தின் நீளப்பக்கமும் மற்ற மரத்தின் குறுக்குப்பக்கமும் முகத்துக்கு முகம் ஒட்டப்பட்டிருக்கும். ஒன்று அசையும், மற்றது அசையாது. நடுவில் மாட்டுப்பட்டது பசை.

எங்கட ஊர்க் காலநிலையை யோசிச்சுப் பாருங்க. கார்த்திகை, மார்கழியில் வாடைக்காற்றோடு மழை. சுவரில் கை வைத்தால் ஈரம், புத்தகம் எல்லாம் பூஞ்சணம். ஆனி, ஆடியில் கச்சான் அடித்தால் உதடு வெடிக்கும். உட்துறைமுகத்துப் பக்கம் வீடு என்றால் இதோட உப்புக்காற்றும். ஒரு பொருத்து இதை வருசத்துக்கு ஒரு தடவை, முப்பது நாற்பது வருசம் தாங்கவேணும். அது தளர்வது மரத்தின் பிழையும் இல்லை, செய்தவரின் பிழையும் இல்லை. தளரும் என்று தெரிந்தேதான் பழைய ஆட்கள் கதிரை செய்தார்கள்.

மண்வெட்டிப் பிடி கழன்றால் இரவு தண்ணி வாளிக்குள்ள ஊறப்போடுவார்கள், பார்த்திருப்பீங்க. காலையில் கல்லு மாதிரி இறுக்கமாக இருக்கும். ரெண்டு நாள் வெயிலில் வேலை செய்தால் முந்தியதைவிட மோசமாக ஆடும். வீங்க இடமில்லாத மரம் இரும்பு வளையத்துக்குள் தன்னைத்தானே நசுக்கிக்கொள்கிறது. காய்ந்ததும் பழைய பருமனுக்கும் கீழே போய்விடுகிறது. கதிரைப் பொருத்தில் நடப்பதும் இதேதான், கொஞ்சம் மெதுவாக.

ஆகவே கேள்வி "எந்தப் பசை கழராது?" என்பதல்ல. கழரும்தான். கழரும்போது மரத்தையும் பிய்த்துக்கொண்டு போகாமல், திரும்ப ஒட்டக்கூடிய மாதிரிக் கழருமா என்பதுதான் கேள்வி. விளம்பரங்கள் எங்களுக்குப் பழக்கியது முதல் கேள்வியை மட்டும்தான்.

தமிழில் தச்சர்கள் பாவித்த பழைய பசைக்குப் பெயர் வச்சிரம். மாட்டுத்தோல், எலும்பு எல்லாம் காய்ச்சி எடுப்பது. வச்சிரம் என்றால் இந்திரனின் ஆயுதம், வைரம், உடையாதது. ஆறாம் நூற்றாண்டில் வராகமிகிரர் எழுதிய பிருகத் சம்ஹிதையில் வஜ்ரலேபம் என்று ஒரு அத்தியாயமே இருக்கிறது. விளாங்காய், இலவம்பூ போட்டுக் காய்ச்சுகிற ஒரு வகை, கொம்பும் தோலும் போட்டுக் காய்ச்சுகிற இன்னொரு வகை. கோயில் சுவருக்கும் சிலைக்கும் பூசினால் கோடி வருசம் நிற்கும் என்கிற அளவுக்கு அதில் பெருமை பேசப்பட்டிருக்கிறது. ஆனால் தச்சுப்பட்டறையில் இருந்த வச்சிரத்தின் உண்மையான சிறப்பு இதுக்கு நேர் எதிர். சுடுதண்ணி பட்டால் இளகிவிடும். காய்ந்து நாற்பது வருசமான பொருத்தையும் சூடும் ஈரமும் கொடுத்துப் பிரித்து, அதே பழைய பசைக்கு மேலேயே புதுப் பசை போட்டு மூடலாம், பிடிக்கும். உடையாதது என்று பெயர் வைத்துவிட்டு, எல்லாப் பசையிலும் இலேசாகப் பிரிக்கக்கூடியதைக் கையில் வைத்திருந்திருக்கிறார்கள்.

இது எங்களுக்கு மட்டும் சொந்தமான ஞானமும் இல்லை. எகிப்தில் தீப்ஸ் நகரத்து ரெக்மிரே என்ற அமைச்சரின் கல்லறை ஓவியத்தில், சுமார் 3,400 வருசத்துக்கு முந்தியது, தச்சர்களுக்குப் பக்கத்தில் பசைச்சட்டி ஒன்று நெருப்பில் இருக்கிறது. வயலின் செய்கிறவர்கள் இன்றைக்கும் மேல்பலகையை இந்த வகைப் பசையால்தான் ஒட்டுகிறார்கள், அதுவும் கொஞ்சம் தண்ணியாக. உள்ளே ஏதும் வெடித்தால் மெல்லிய கத்தியை விட்டு மேல்பலகையைக் கழற்றவேணும். முந்நூறு வருசத்து வயலின் இன்றைக்கும் வாசிக்கப்படுகிறது என்றால், எத்தனையோ தடவை அதைத் திறந்து மூட முடிந்ததும் ஒரு காரணம். எங்கட வீணையிலும் இது இருக்கு. 24 மெட்டுகளும் தேன்மெழுகும் கரித்தூளும் சேர்த்த கலவையில்தான் பதிக்கப்பட்டிருக்கின்றன. சுருதி பிசகினால் அந்த மெழுகை இளக்கி மெட்டை நகர்த்திவைப்பார்கள். அதை ஆணி அடித்து நிறுத்த ஒருத்தருக்கும் மனம் வராது. கதிரைக்கு மட்டும் வருது.

இப்ப ஓடாவிகள் கையில் இருப்பது வெள்ளைப் பசை. கெமிஃபிக்ஸ், ஃபெவிகோல் என்று கடையில் பெயர் சொல்லி வாங்குவோமே, அது. நான் அதுக்கு எதிரி இல்லை. வச்சிரத்தைக் காய்ச்சி, சூடு ஆறமுதல் பூசி, நாற்றத்தையும் தாங்கவேணும். மழைக்காலத்தில் அது பூஞ்சணம் பிடிக்கும். சாமி அறை வாங்குக்கு மாட்டுத்தோல் பசையா என்று கேட்கிற வீடுகளும் உண்டு (மிருதங்கத்தைப் பற்றி அதே வீட்டில் கேட்கமாட்டார்கள், அது வேற கதை). வெள்ளைப் பசை சுத்தம், மலிவு, பிடிப்பும் அதிகம். சூடு காட்டினால் இளகும், வெதுவெதுப்பான வினாகிரி விட்டுப் பொறுத்திருந்தால் பலம் விடும். கஷ்டம், ஆனால் கழற்ற ஏலும். அதில் ஒரேயொரு பிரச்சினை, காய்ந்த வெள்ளைப் பசைக்கு மேல் புது வெள்ளைப் பசை ஒழுங்காகப் பிடிக்காது. பழசை மரம் தெரியுமட்டும் சுரண்டியே ஆகவேணும். "ரெண்டு தடவை பசை போட்டும் நிக்குதில்ல" என்று சொல்கிற வீடுகளில் இதைத்தான் செய்யாமல் விட்டிருப்பார்கள்.

அரல்டைட் மாதிரி ரெண்டு டியூப் கலக்கிற பசை வேற சாதி. அது கல்லாகிவிடும். மரம் அசையும், அது அசையாது. அடுத்த முறை பொருத்து விடாது, பொருத்துக்குப் பக்கத்து மரம்தான் பிளக்கும். சுப்பர் குளூ வேகமாகப் பிடிக்கும், ஒரு அடி பட்டால் அதே வேகத்தில் விடும், விட்ட இடத்தில் மரத்துக்குள் ஊறி மற்றப் பசை ஒன்றையும் பிடிக்கவிடாது. ஆணி எல்லாத்திலும் மோசம். நாக்கைத் துளைத்துக்கொண்டு போகிறதால் முதல் அடியிலேயே நாக்கு பாதி பிளந்துவிடுகிறது. பிறகு உப்புக்காற்றில் துருப்பிடிக்கும். துரு இரும்பைவிட அதிக இடம் எடுக்கும், சுற்றியிருக்கிற மரத்தை உள்ளே இருந்து தள்ளும், கறுப்பாகக் கறையும் ஏறும். திருகோணமலையில் ஆணி அடிப்பதற்கும் கண்டியில் ஆணி அடிப்பதற்கும் வித்தியாசம் இருக்கு.

பசைக்கும் ஈரக்காற்றுக்கும் நடக்கிற சண்டை பெரிய இடங்களிலும் நடந்திருக்கிறது. இரண்டாம் உலகப்போரில் பிரித்தானியர் பறக்கவிட்ட மொஸ்கிற்றோ விமானம் மரத்தால் செய்து பசையால் ஒட்டியது. 1944 கடைசியில் இந்தியாவில் அந்த விமானங்கள் சில நொறுங்கி விழ, பழி முதலில் பசைக்கும் பருவமழைக்கும்தான் போனது. பிறகு மரம் சுருங்கியது என்று ஒரு விசாரணை, தொழிற்சாலையில் சரியாகப் பொருத்தவில்லை என்று இன்னொரு விசாரணை. அதுக்கும் நூறு வருசத்துக்குக் கிட்ட முன்னால் வியன்னாவில் மைக்கேல் தோனெட் என்பவர் மெல்லிய மரப்பட்டிகளைப் பசையால் ஒட்டி வளைத்துக் கதிரை செய்தார். கப்பலில் ஈரமான நாடுகளுக்குப் போன கதிரைகள் பட்டி பட்டியாகக் கழன்றன. அவர் இன்னும் பலமான பசை தேடவில்லை. முழு மரத்தையே ஆவியில் வளைக்கிற முறைக்கு 1856-இல் உரிமம் எடுத்தார், 1859-இல் வந்த 14-ஆம் இலக்கக் கதிரையைத் திருகாணியால் பூட்டினார். ஒரு கன மீற்றர் பெட்டிக்குள் 36 கதிரைகள் பிரித்து அடுக்கலாம். ஒரு துண்டு உடைந்தால் அந்தத் துண்டை மட்டும் மாற்றலாம். எனக்குத் தெரிந்த மிகப் புத்திசாலித்தனமான தோல்வி இதுதான்.

எங்கட வீட்டில் அம்மம்மாவின் முதிரைக் கதிரைகள் நாலு இருந்தன, இப்போது ரெண்டு. ரெண்டில் ஒன்றுக்கு, நான் பள்ளிக்கூடம் போகிற காலத்தில், கூலிக்கு வந்த ஒருத்தர் நாலு ஆணியும் அதுக்கு மேல அரல்டைட்டும் போட்டுவிட்டுப் போனார். போன வருசம் பின்கால் பொருத்தோடு பிளந்தது. அதைத் தூக்கிக்கொண்டு துறைமுகப் பக்கம் பட்டறை வைத்திருக்கிற ஒரு ஓடாவி ஐயாவிடம் போனோம். கதிரையைத் தலைகீழாக்கிப் பார்த்தார்.

"இதுக்கு ஆர் பிள்ளை ஆணி அடிச்சது?"

"முந்தி ஒருத்தர், ஐயா. உடைஞ்சதுக்கு."

"உடைஞ்சதுக்கு அடிக்கேல்ல. அடிச்சதாலதான் உடைஞ்சது. விட்டுட்டுப் போங்க, ரெண்டு கிழமை ஆகும்."

நான் போகவில்லை. வகுப்பு இல்லாத நாட்களில் போய் இருந்து பார்த்தேன். முதல் நாள் முழுக்க ஆணி மட்டும்தான். துருப்பிடித்த தலையைக் குறட்டால் பிடித்தால் முறிந்துவிடும் என்று, ஒவ்வொரு ஆணியைச் சுற்றியும் மெல்லிய உளியால் தோண்டி எடுத்தார். பிறகு பொருத்தில் வழிந்து காய்ந்திருந்த பசைமணி ஒவ்வொன்றிலும் ஒரு சொட்டுச் சுடுதண்ணி வைத்தார். ஒட்டும் பிசினாக இளகினால் வச்சிரம். வெள்ளையாகி இறப்பர் மாதிரி ஆனால் வெள்ளைப் பசை. ஒன்றுமே நடக்காவிட்டால் அது மற்றச் சனியன். ஒரே கதிரையில் மூன்றும் இருந்தன. அம்மம்மா காலத்து வச்சிரம் பிடித்திருந்த முன்கால் பொருத்து ரெண்டும் ஆடவே இல்லை. அதை அவர் தொடவும் இல்லை. நான் எல்லாத்தையும் கழற்றிப் புதுசாக ஒட்டுவார் என்று நினைத்திருந்தேன். "நிக்கிறத ஏன் குழப்ப?" என்றார்.

கழற்ற முதல் ஒவ்வொரு துண்டிலும் பென்சிலால் இலக்கம். பிறகு ஈரத்துணி சுற்றி, அதன் மேல் அயர்ன் பெட்டி. மரத்துண்டு ஒன்றை அண்டக்கொடுத்து, கொட்டாப்புளியால் தட்டு. விடாவிட்டால் திரும்பச் சூடு. பலத்தைக் கூட்டவே இல்லை, சூட்டைத்தான் கூட்டினார். அரல்டைட் இருந்த பொருத்து மட்டும் விடவில்லை. அதை வாளால் அறுத்துத்தான் எடுக்கவேண்டி வந்தது. அந்தப் பசை போட்டவர் பலமாக ஒட்டினார்தான். அவ்வளவு பலமாக ஒட்டியதால் ஒரு நல்ல முதிரை நாக்கை வெட்டி எறிந்தோம்.

மாற்றுத்துண்டு போடுகிற விதம்தான் எனக்குப் பிடித்தது. பிளந்த காலைக் குறுக்காக வெட்டி நுனிக்கு நுனி ஒட்டினால் நிற்காது. அறுத்த நுனி பஞ்சு மாதிரிப் பசையைக் குடித்துவிடும், பிடிப்பு வராது. அதனால் நல்ல மரம் வருமட்டும் நீளச் சரிவாகச் சீவினார். ஒரு அங்குலத் தடிப்புக்கு எட்டு அங்குலச் சரிவு. புதுத்துண்டையும் அதே சரிவில் சீவி ரெண்டையும் படுக்கவைத்தால் நாரும் நாரும் பக்கம் பக்கமாக ஒட்டும். புதுத்துண்டு என்றாலும் மரம் புதுசில்லை, எங்கேயோ பழைய நிலை ஒன்றில் கழித்த முதிரை. பச்சை மரம் போட்டால் பிறகு அது தனியாகச் சுருங்கும். நார் ஓடுகிற திசை பார்க்க அவர் எடுத்த நேரம், நான் ஒரு கட்டுரைக்குத் தலைப்புத் தேடுகிற நேரத்தைவிடக் கூட. அறுத்தெறிந்த நாக்குக்குப் பதில், ரெண்டு பக்கமும் துளை போட்டு நடுவில் தனி நாக்கு. துளைக்குள் சரியாக அமரவேணும், அடித்து இறக்கக்கூடாது, கையால் தள்ளினால் போகவேணும். நாக்கைச் சாண்ட்பேப்பரால் தேய்க்கவிடமாட்டார், தேய்த்தால் விளிம்பு உருண்டு பிடிப்பு போகும் என்று. கிளாம்ப் எட்டாத இடத்தில் கயிறு கட்டி, நடுவில் குச்சி விட்டு முறுக்கினார். ஒரு நாள் அப்படியே கிடந்தது. கடைசியில் உடைந்த கண்ணாடித் துண்டால் சுரண்டி மட்டமாக்கினார்.

எந்தப் பசை போட்டீங்கள் என்று கேட்டேன். வெள்ளைப் பசைதான். வச்சிரம் இப்ப ஆர் காய்ச்சுறது என்றார். ஆனால் அவர் போட்ட அளவு மெல்லிய ஒரு பூச்சு. துளை பெரிசாகிப்போன இடத்தில் பசையால் நிரப்பாமல் மரச்சீவல் ஒட்டித் துளையைச் சிறிசாக்கினார். பசை இடைவெளியை நிரப்புகிற சாமான் இல்லை. நெருங்கி வந்த ரெண்டு மரத்தைப் பிடித்துவைப்பதோடு அதன் வேலை முடிந்தது. நெருங்கவைப்பது உளியின் வேலை.

இதை வாசிக்கிற சிலர், "இதெல்லாம் முதிரையும் தேக்கும் வைத்திருக்கிறவர்களின் கவலை" என்று நினைக்கலாம். நியாயம்தான். 2004 டிசம்பர் 26-க்குப் பிறகு ஒரு வாங்குகூட மிஞ்சாத வீடுகள் இந்தக் கரை முழுக்க இருந்தன. 2006-இல் சம்பூர்ப் பக்கத்தில் இருந்து ஓடினவர்கள் பல வருசம் கழித்துத் திரும்பியபோது கதிரை தேடிப் போகவில்லை, கூரை தேடிப் போனார்கள். அப்படி ஆரம்பத்தில் இருந்து தொடங்குகிற குடும்பத்துக்குத் தவணைக்கு வருகிற சிப்போர்ட் அலுமாரி பெரிய உதவி. அதை நக்கலடிக்க எனக்கு உரிமை இல்லை.

ஆனால் அந்தக் குடும்பத்துக்குத்தான் இது கூடுதலாக முக்கியம் என்று நினைக்கிறேன். சிப்போர்ட் என்பது மரத்தூளும் சீவலும் பசையால் அழுத்தியது, பலகை பிடித்து நிற்பதே பசையால்தான் என்று சொல்லலாம். பெரும்பாலும் பாவிக்கிற யூரியா போர்மல்டிஹைட் பசை ஈரத்திலும் சூட்டிலும் மெல்ல மெல்லச் சிதையும். எங்கட மார்கழியில் கீழ்ப்பலகை பிட்டு மாதிரி உப்பும். உப்பினது திரும்பாது. கீல் திருகாணி ஒருதடவை பிய்ந்தால் அதே துளையில் திரும்பப் பிடிக்காது, பிடிக்க உள்ளே நாரே இல்லை. எனக்குத் தெரிந்த ஒரு வீட்டில் தவணை முடிய நாலு மாதம் இருக்க அலுமாரிக் கதவு கையோடு வந்தது. கடைக்காரர் தண்ணி பட்டிருக்கு என்று கைவிரித்தார். தண்ணி படவில்லை, திருகோணமலைக் காற்றுப் பட்டிருந்தது. முழுதாக எறிய வேண்டிய சாமானை அதிகமாக வாங்குவது காசில்லாத வீடு. திருத்தக்கூடியது வசதியானவர்களிடம் தங்கிவிடுகிறது. எனக்கு இதுதான் கோபம், பழைய தளபாடத்தின் அழகு எல்லாம் அதுக்குப் பிறகு.

அந்தக் காசுக்கு வேற என்ன வாங்க ஏலும் என்று கேட்டால், நான் பார்த்த மட்டில் சின்னதாக என்றாலும் முழு மரம். மலைவேம்போ, பழைய வீடு உடைத்த இடத்துப் பலகையோ. அலுமாரி வேண்டாம், ஒரு பெட்டகமும் ரெண்டு தட்டும் போதும். அதுவும் இல்லை, சிப்போர்ட்தான் என்றால் காலுக்கு அடியில் ஒரு அங்குல மரக்கட்டையாவது வையுங்க. சுவரில் இருந்து நாலு விரல் தள்ளி வையுங்க. அறுத்த விளிம்பு தெரிகிற இடமெல்லாம் பெயின்ற் பூசுங்க, அங்கேதான் ஈரம் ஏறும்.

இன்னொரு எதிர்வாதமும் வரும்: ரெண்டு கிழமையும் கூலியும் கொடுக்க, அந்தக் காசுக்குப் பிளாஸ்டிக் கதிரை ரெண்டு வாங்கலாமே. வாங்கலாம். ஐயாவுக்குக் கொடுத்த கூலி அதைவிடக் கூடத்தான். ஆனால் அவர் செய்தது அடுத்த முறைக்கும் சேர்த்து. இருபது வருசத்தில் அந்தப் பொருத்து திரும்ப ஆடும்போது, கழற்றுகிறவருக்கு உள்ளே ஆணி இருக்காது. அவர் அதுக்கும் காசு வாங்கவில்லை, நானும் கேட்கும்போதுதான் யோசித்தேன். இருபது வருசத்தில் கழற்ற ஆள் இருப்பாரா என்பது வேற கேள்வி. ஐயாவின் பட்டறையில் அவரைத் தவிர இருந்தது ஒரே ஒரு பெடியன், அவனும் வெளிநாட்டுக்குப் பாஸ்போட் எடுத்து வைத்திருந்தான்.

ஆகவே இப்போதைக்குச் செய்யக்கூடியது. தளபாடம் திருத்தக் கொடுக்கமுதல் "எந்தப் பசை போடுவீங்க, பிறகு கழற்ற ஏலுமா?" என்று கேளுங்க. கேட்டால் ஒரு மாதிரிப் பார்ப்பார்கள், பரவாயில்லை. ஆணி பெட்டியை எடுத்தால் கதிரையைத் திரும்ப வாங்கிக்கொண்டு வாங்க. உடைந்த உடனே கூட்டித் தள்ளாதீங்க. தெறித்த சில்லு, நாக்கில் இருந்து பிளந்த சின்னச் சீவல், வெனியர் துண்டு எல்லாத்தையும் பொறுக்கி ஒரு ஷொப்பிங் பைக்குள் போட்டு அந்தக் கதிரைக் காலிலேயே கட்டிவையுங்க. அந்த மரத்துக்கு அதைவிடப் பொருத்தமான மாற்றுத்துண்டு எந்த மரக்காலையிலும் கிடைக்காது.